நின்று செய்யும் வேலை

மறுபடியும் பார்த்துவிட்டாள். தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது, அங்கிருந்து கண்ணை இறக்கி நேராகத் தமயந்தியைப் பார்ப்பது, பிறகு ஒன்றுமே நடக்காததுபோலக் குனிந்து எழுதுவது. மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம், சௌடேஸ்வரி, பி.பி.ஏ. இறுதியாண்டு. பிட் அடிக்கிற பிள்ளைகள் இப்படிப் பார்ப்பதில்லை என்பது தமயந்திக்குத் தெரியும். அதுகள் மேற்பார்வைக்கு நிற்கிறவரின் முகத்தைப் பார்க்காது, காலைத்தான் பார்க்கும், கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று. இவள் முகத்தைப் பார்க்கிறாள். முகத்தைப் பார்த்து, அப்படியே கீழே இறங்கி வயிற்றையும் பார்க்கிறாளோ? தமயந்தி கையிலிருந்த பரீட்சை அட்டையைக் கொஞ்சம் இறக்கி, சேலை மடிப்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். பிடித்த உடனே, ஐயோ, இப்படிப் பிடித்தால்தான் சந்தேகம் வரும், எதையோ மறைக்கிறாள் என்று தோன்றும் என்று மறுபடி நெஞ்சுக்கு ஏற்றினாள். நெஞ்சுக்கு ஏற்றினால் வயிறு தெரியும். தெரிகிற அளவுக்கு ஒன்றுமில்லை, கண்ணாடியில் காலையில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தாயிற்று, புருஷன் லோகுவும் பார்த்துவிட்டு, நேத்து சாப்பிட்ட பரோட்டாதான் தெரியுது என்றான். அவனுக்கென்ன, அவன் நிற்கப் போகிறானா, அவனையா இந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆண்பிள்ளைக்கு வாய் மட்டும்தான் கர்ப்பமாகும். இந்த எண்ணம் வந்ததும் சிரிப்பு வந்தது, சிரித்தால் அதையும் பார்ப்பாள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஹாலில் நாற்காலி கிடையாது. எல்லா ஹாலிலும்தான் கிடையாது. மேற்பார்வைக்கு வருகிறவர் உட்கார்ந்தால் செல்போனை எடுப்பார், செல்போனை எடுத்தால் பிள்ளைகள் பிட்டை எடுக்கும் என்று பிரின்சிபால் இந்த வருஷம் ஒரு கண்டுபிடிப்புச் செய்து, மாடல் எக்ஸாம் தொடங்குவதற்கு முந்தின வாரமே எல்லா ஹாலிலிருந்தும் நாற்காலிகளை எடுத்து வராந்தாக் கோடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வைத்துவிட்டார். கதவு வழியாகப் பார்த்தால் அந்த நீல பிளாஸ்டிக் அடுக்கு தெரியும். பசித்தவன் மிட்டாய்க்கடையைப் பார்க்கிற மாதிரி தமயந்தி அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு உடனே மூலையிலிருக்கும் காமிராவைப் பார்ப்பாள். காமிராவின் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டே இருக்கும். பிரின்சிபால் அறையில் பெரிய திரையில் எல்லா ஹாலும் கட்டம் கட்டமாகத் தெரியும் என்கிறார்கள். தமயந்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறாளோ. ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் பேப்பர், அவளே நடத்திய பாடம், அவளே எடுத்த கேள்வித்தாள், அதற்கு அவளே காவல். ஆள் பற்றாக்குறை என்றார்கள். வாரம் முழுக்கக் காலை டியூட்டி அவளுக்கே விழுந்ததற்கும் ஆள் பற்றாக்குறைதான் காரணமாம். செவ்வாய்க்கிழமை டியூட்டி சார்ட்டைப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே கால் இரண்டும் அப்போதே வலிக்க ஆரம்பித்துவிட்டன. ரொம்ப நேரம் நிக்காதம்மா என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். நிற்காமல் செய்கிற வேலையாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் டாக்டர் என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே. வெள்ளிக்கிழமை நிர்வாகக் கமிட்டி கூடுகிறது, தகுதிகாண் காலம் முடிந்தவர்களுக்கு நிரந்தர ஆர்டர் கொடுக்கிறார்கள், அந்தக் காகிதம் கைக்கு வந்த மறுநிமிஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம், மைக் வைத்துக்கூடச் சொல்லலாம். அதுவரைக்கும் வயிறு என்ற ஒன்று தனக்கு இல்லவே இல்லை என்று நடமாட வேண்டும்.

ஏனென்றால் ரெஜினா மேடம். அதே டிபார்ட்மென்ட், பக்கத்து மேஜை, டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் வாய் தமயந்திக்குத்தான். ரெஜினா சந்தோஷத்தை அடக்கத் தெரியாத மனுஷி, நாள் தள்ளிப்போன வாரமே ஸ்டாஃப் ரூமில் மைசூர்பாகு கொடுத்துவிட்டாள். பிரின்சிபாலும் ஒன்று எடுத்துக்கொண்டார். எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ரொம்ப சந்தோஷம்மா, உடம்புதான் முக்கியம், ரெஸ்ட் எடுங்க, பாத்துக்கலாம் என்றார். பாத்துக்கலாம். என்ன அழகான வார்த்தை, மைசூர்பாகு மாதிரியே வாயில் கரைகிற வார்த்தை. அந்த முறை கமிட்டி முடிந்து வந்த ஆர்டர்களில் ரெஜினாவுடையது இல்லை. குழந்தை பிறந்து தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் மேஜையில் வேறொரு பெண் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். யாரும் போ என்று சொல்லவில்லை. யாருமே எதையும் சொல்லவில்லை. ரெஜினா குழந்தையை ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் காட்டிவிட்டு, தன்னுடைய டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். இப்போது அவினாசியில் எங்கோ நர்சரி ஸ்கூலில் இருக்கிறாளாம், போன் பண்ணினால் எடுப்பதில்லை. தமயந்திக்கு அன்றைக்குக் கோபம் வந்தது, ஆனால் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இன்றைக்கு இந்த ஹாலில்கூட நின்றிருக்க மாட்டாள். லோகுவின் பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்து பாதி நாள் வேலை, பாதி நாள் வீட்டில் கிரிக்கெட். இவள் சம்பளம்தான் வீட்டை இழுக்கிறது. அதனால் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்வதும் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் போர்டு வைப்பதும் ஒன்றுதான்.

யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்ளும்போதே யாருக்குத் தெரிந்திருக்கும் என்று மனசு ஆள் தேட ஆரம்பிக்கிறது. காமர்ஸ் டிபார்ட்மென்ட் மேடம் போன வாரம் மாங்காய்க் கீற்றை நீட்டி, எடுத்துக்கங்க, உங்களுக்குப் புடிக்குமே என்றாளே, அது ஏன்? எப்போது பிடிக்கும் என்று சொன்னோம்? வேண்டாமென்றால் சந்தேகம், எடுத்தால் அதைவிடச் சந்தேகம். எடுத்துப் பாதி கடித்துப் பாதியை வைத்துவிட்டாள். அந்தப் பாதியை அந்த மேடம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதெல்லாம் ஒன்றுமில்லை, இந்தப் பெண்ணின் பார்வைக்கு முன்னால் அதெல்லாம் தூசு. இதோ, மறுபடி. கடிகாரம், முகம், குனிதல். இதற்கு ஒரு முறை இருக்கிறது. முறை இருக்கிறது, அதை நடத்தியதே அவள்தான். வொர்க் சாம்ப்ளிங். நான்காவது யூனிட். ஒரு தொழிலாளி உண்மையில் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார், எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்று கண்டுபிடிக்க நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. திடீர் திடீரென்று, ஒழுங்கில்லாத இடைவெளியில், போய் ஒரு பார்வை பார்த்தால் போதும். பார்க்கிற அந்தக் கணத்தில் வேலை செய்கிறாரா, இல்லையா, அவ்வளவுதான். அப்படிப் பல தடவை பார்த்தால் ஆளின் வண்டவாளம் தெரிந்துவிடும். ஒரே ஒரு விஷயம் முக்கியம், பார்க்கப்படுகிறவருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் நடிக்க ஆரம்பித்துவிடுவார். இதை அவள் போர்டில் எழுதி, அடியில் கோடு போட்டு, பிள்ளைகளைச் சிரிக்கவும் வைத்திருக்கிறாள். சூப்பர்வைசர் வரும்போது மட்டும் மெஷின் சத்தம் கூடும் பாருங்க என்று. இப்போது அவளே பெஞ்சுகளுக்கு நடுவில் விறுவிறுவென்று நடக்கிறாள். தேவையே இல்லாமல் ஒரு பையனின் ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்க்கிறாள். அவன் பயந்துபோய், என்னங்க மேடம் என்கிறான். ஒண்ணுமில்ல, எழுது என்கிறாள். மெஷின் சத்தம் கூடிவிட்டது.

அப்படியானால் யாருக்காகப் பார்க்கிறாள்? அதையும் தேட வேண்டியதில்லை. போன ஸ்டாஃப் மீட்டிங்கில் பிரின்சிபால் தாமே சொன்னார். ஏதோ பயிலரங்கத்துக்குப் போய்விட்டு வந்த வேகம், கையில் புது ஃபைல், கண்ணில் புது வெளிச்சம். நம்ம பி.பி.ஏ. பசங்க வெளிய கம்பெனிக்குப் போய் ஸ்டடி பண்றாங்க, ஏன், நம்ம காலேஜையே ஸ்டடி பண்ணட்டுமே, யாருக்கு எவ்வளவு வேலைப்பளு, எங்க ஆள் அதிகம், எங்க குறைவு, எல்லாம் வெளிய வந்துரும் என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நல்ல யோசனைங்க சார் என்று சொன்னது யார்? தமயந்திதான். பாடத்தை நடத்துகிறவள் என்ற முறையில் அவளைப் பார்த்தார், சொல்லிவிட்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை மத்தியானம் இதே சௌடேஸ்வரி பிரின்சிபால் அறையிலிருந்து வெளியே வந்தாள். தமயந்தி எதிரே வருகிறாள் என்று தெரிந்ததும் அப்படியே தூண் பக்கம் ஒதுங்கி, குட் ஆஃப்டர்னூன் மேடம் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பிரின்சிபால் அறைக்குள் எந்தப் பிள்ளை தானாகப் போகும்? ஃபீஸ் விஷயமென்றால் ஆபீஸ், லீவு என்றால் ஹெச்.ஓ.டி. உள்ளே போனால் ஒன்று மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லை மாட்டிவிட்டிருக்க வேண்டும். அவள் மாட்டிக்கொண்ட முகமாக இல்லை. திங்கள் இவள் உள்ளே போனாள், செவ்வாய் டியூட்டி சார்ட் வந்தது, புதனிலிருந்து இந்தப் பார்வை. ஒவ்வொன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக, அந்த நாற்காலிகள் மாதிரி, கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

ஆனாலும் இந்தப் பெண் ஏன் செய்ய வேண்டும்? கெட்ட பிள்ளை இல்லை. தமயந்தியின் வகுப்பில் அதிகம் பேசாது, ஆனால் பேசினால் சுருக்கென்று பேசும். விஷயம் அங்கேதான் இருக்கிறது. அலவன்ஸ் நடத்திய அன்று. மனுஷர் மெஷின் இல்லை, அதனால் ஒரு வேலைக்கு இவ்வளவு நேரம் என்று கணக்குப் போடும்போது களைப்புக்கு, தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக என்று கொஞ்சம் நேரம் கூட்டித் தர வேண்டும், நின்று செய்கிற வேலையென்றால் அதற்கும் தனியாகச் சேர்க்க வேண்டும், பெண்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாக என்று சொல்லிக்கொண்டிருந்தபோது இவள் எழுந்தாள். எங்கம்மா பனியன் கம்பெனி செக்கிங்ல நாளெல்லாம் நின்னுட்டுத்தானுங்க மேடம் இருக்குது, அதுக்கு அந்த அலவன்ஸ யாருங்க தருவாங்க என்று கேட்டாள். பையன்கள் பக்கம் ஒருத்தன், போய் ஓனர்கிட்டக் கேளு என்றான். வகுப்பே சிரித்தது. பதில் தெரியாதபோது ஆசிரியர்கள் சொல்வதைத்தான் தமயந்தியும் சொன்னாள். அத எக்ஸாம்ல எழுது, மார்க் வரும். மறுபடி சிரிப்பு. சௌடேஸ்வரி சிரிக்கவில்லை, மெதுவாக உட்கார்ந்தாள். அந்த உட்கார்ந்த விதம் இப்போது தமயந்தியின் கண்முன் வருகிறது. பழிவாங்க இது போதாதா? அப்புறம் போன வாரம் அந்த வாஷ்பேசின். லேபுக்குப் பின்னால், யாரும் வராத இடமென்று நினைத்து, குடலே வெளியே வருகிற மாதிரி குமட்டி, நிமிர்ந்தால் பின்னால் இவள் நிற்கிறாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். தமயந்தி வாங்கிக் கொப்பளித்து, காலைல சாப்பிட்டது சேரல என்றாள். சௌடேஸ்வரி, சரிங்க மேடம் என்று மட்டும் சொன்னாள். என்ன சாப்பிட்டீங்க, டாக்டர்கிட்டப் போனீங்களா, ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறவரை நம்பலாம். கேட்காதவருக்கு எல்லாம் தெரியும்.

அடிஷனல் ஷீட் மேடம், பின்வரிசையிலிருந்து ஒரு கை. போனாள், கொடுத்தாள். திரும்பி வருவதற்குள் முன்வரிசையில் ஒரு கை. வீணான நடையைக் குறைப்பது எப்படி என்று இவர்களுக்கு இரண்டு வாரம் நடத்தியிருக்கிறாள், அதுகள் உட்கார்ந்த இடத்தில் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க, இவள் வீணாக நடந்துகொண்டிருக்கிறாள். வீங்கிய கணுக்காலைச் செருப்பு வார் நெரிக்கிறது. முதுகுத்தண்டின் அடியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற வலி. ஒரே ஒரு தடவை சுவரில் சாய்ந்தால் என்ன? சாயலாம், காமிராவுக்கு நேர் கீழே நின்றால் காமிராவுக்குத் தெரியாது. காமிராவுக்குத் தெரியாது, இந்தப் பெண்ணுக்குத் தெரியுமே. பார்க்கட்டும், எழுதிக்கொள்ளட்டும், மேடம் சாய்ந்தார், வேலை செய்யவில்லை. ஜன்னல் கம்பி மங்கலாகிறது. மின்விசிறிச் சத்தம் கிட்டே வந்து தூரப் போகிறது. காலையில் ஒரு இட்லி. ஒன்று என்று லோகுவிடம் சொன்னது பொய், பாதி. உள்ளே இருப்பதற்கு அது பத்துமா? பயமாக இருக்கிறது. வேலை போய்விடுமோ என்கிற பயம் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டு, அதற்குப் பின்னால் இத்தனை நாள் சத்தம் போடாமல் நின்றிருந்த வேறொரு பயம் முன்னால் வருகிறது. வயித்துக்குள்ள இருக்கற சாமி, உனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது. கை தானாகப் போய் அடிவயிற்றைப் பிடித்தது. சாய்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சௌடேஸ்வரி எழுந்தாள். கையைத் தூக்கவில்லை, மேடம் என்று கூப்பிடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, பெஞ்சிலிருந்து வெளியே வந்து, நேராகக் கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போய்விட்டாள். "ஏய், எங்க போற?" தமயந்தி சுவரிலிருந்து நிமிர்ந்தாள். பரீட்சை நடக்கும்போது ஹாலை விட்டு ஒரு பிள்ளை எழுந்து போகிறது. போய்விட்டாள், சொல்லப் போய்விட்டாள், பார்த்ததெல்லாம் போதும் என்று அறிக்கை கொடுக்கப் போய்விட்டாள். வராந்தாவில் கர்ரென்று ஒரு சத்தம். எதையோ தரையில் இழுக்கிற சத்தம், நீளமாக, எல்லா ஹாலுக்கும் கேட்கிற மாதிரி, கிட்டே கிட்டே வந்தது. நீல நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு சௌடேஸ்வரி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே, சத்தம் கேட்டோ திரையில் பார்த்தோ, பிரின்சிபாலும் வந்தார்.

"உக்காருங்க மேடம்," என்றாள் சௌடேஸ்வரி. மூச்சு வாங்கியது.

"யாரக் கேட்டு சேரை எடுத்த?" பிரின்சிபால் அவளைப் பார்க்கவில்லை, தமயந்தியைப் பார்த்துத்தான் கேட்டார். "எக்ஸாம் நடுவுல ஹாலை விட்டு வெளிய வந்தா என்னன்னு தெரியுமா? மால்ப்ராக்டிஸ்."

"திங்கக்கிழமையே உங்ககிட்ட வந்து சொன்னனுங்களே சார்," என்றாள் அந்தப் பெண். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் அந்த ஹாலில் அப்போது பேனா ஓடுகிற சத்தம்கூட இல்லை. "மேடம் முழுகாம இருக்காங்க, ஹால்ல ஒரு சேர் மட்டும் போடச் சொல்லுங்கன்னு. பாக்கறேன்னீங்க. நானும் நேத்துலருந்தே மணியப் பாத்துப் பாத்துத்தானுங்க இருந்தேன். ஒருக்காக்கூட மேடம் உக்காரவே இல்லீங்க. நின்னு செய்யற வேலைக்கு அலவன்ஸ் தரோணும்னு மேடம்தானுங்க நடத்துனாங்க."

ஹால் முழுக்கத் தமயந்தியின் வயிற்றைப் பார்த்தது. இத்தனை நாள் அட்டையை ஏற்றியும் இறக்கியும் மறைத்தது, ஒரு பிள்ளையின் ஒரு வாக்கியத்தில் எல்லாருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டது. அடிப் பாவி, என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்றுதான் முதலில் வந்தது. வந்ததைப் பின்னாலிருந்து இன்னொன்று இடித்துத் தள்ளியது. திங்கட்கிழமையே. அப்படியானால் இவருக்குத் திங்கட்கிழமையே தெரியும். தெரிந்துதான் செவ்வாய்க்கிழமை சார்ட்டில் காலை டியூட்டி எல்லாவற்றிலும் தமயந்தியின் பெயரைப் போட்டார். தெரிந்துதான் திரையில் கட்டத்துக்குள் இவள் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார், எப்போது தானாக வந்து, முடியலீங்க சார் என்று சொல்லுவாள் என்று. பார்க்கப்படுவதைச் சரியாகத்தான் கண்டுபிடித்தாள், பார்த்தவரைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டாள். சௌடேஸ்வரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதி எழுதிய தன் விடைத்தாளைத் திரும்பிப் பார்த்தாள். மால்ப்ராக்டிஸ் என்ற வார்த்தை அவளுக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். இறுதியாண்டு. செக்கிங் டேபிளில் நிற்கிற ஒரு அம்மா.

"அவ மேல தப்பில்லீங்க சார்," என்றாள் தமயந்தி. "நான்தான் சேர் எடுத்துட்டு வரச் சொன்னேன்."

சொல்லிவிட்டாள். இனி ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் சொன்னது சொன்னதுதான். பிரின்சிபால் நாற்காலியைப் பார்த்தார், எழுதாமல் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு அந்தப் பழைய சிரிப்பு வந்தது. "சொல்லியிருக்கலாமே மேடம். ரொம்ப சந்தோஷம். உடம்புதான் முக்கியம். ரெஸ்ட் எடுங்க, பாத்துக்கலாம்."

ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. தமயந்தி உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி அவள் கனத்துக்கு ஒரு சின்னச் சத்தம் போட்டது, கால்கள் இரண்டும் யாரோ கட்டவிழ்த்துவிட்ட மாதிரி லேசாயின, கண்ணில் தண்ணீர் வந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

"நான் ரெஸ்ட் எடுக்கலீங்க சார். டியூட்டிலதான் இருக்கேன்."

அவர் திரும்பி வராந்தாவோடு போனார். சௌடேஸ்வரி இடத்துக்குப் போய்ப் பேனாவைத் திறந்தாள். ரெஜினாவுக்கு இன்று சாயங்காலம் மறுபடி போன் பண்ண வேண்டும், எடுக்கும்வரை பண்ண வேண்டும் என்று தமயந்தி நினைத்துக்கொண்டாள். காமிராவின் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதையே நேராகப் பார்த்துக்கொண்டு, முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது பெஞ்சிலிருந்து கை உயர்ந்தது, அடிஷனல் ஷீட்டுங்க மேடம் என்று. எழப் போன தமயந்தி எழவில்லை. தாள்களை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்க வந்து வாங்கிக்க கண்ணு."